ஸ்பேனர் யார் கையில்?

(கேமரன் மலை, தானா ராத்தாவில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

பின்வரிசையில் கைப்பேசியை மடியில் மறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே,

கைப்பேசியைப் பையில் வையுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. இன்றைய பேச்சே அதைப் பற்றித்தான். ஆனால் அதற்கு வருமுன் இந்த மலையின் பழைய இயந்திரங்களைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போவோம்.

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்தப் பக்கம் வந்து போனார். அவர் பெயர்தான் மலைக்கு நிலைத்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர், இலங்கையில் தேயிலைத் தொழில் பழகிய ஏ. பி. மில்னைச் சேர்த்துக்கொண்டு போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை வந்தது. காட்டைத் திருத்தியது யார், கன்று நட்டது யார், கொழுந்து பறித்தது யார் என்று இந்த அவையில் நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட படமாக இருக்கிறார்கள்.

பறித்த கொழுந்து தொழிற்சாலைக்குப் போனால் வாட்ட வேண்டும், உருட்ட வேண்டும், காற்றுப்பட வைத்துக் கறுக்கவிட வேண்டும், சூட்டில் உலர்த்த வேண்டும், சலித்துத் தரம் பிரிக்க வேண்டும். இதில் உருட்டுவதற்கும் உலர்த்துவதற்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இயந்திரம் வந்துவிட்டது. சாமுவேல் டேவிட்சன் என்ற அயர்லாந்துக்காரர் அசாம் பக்கம் கச்சாரில் தோட்டத்தில் வேலை பார்த்தவர். கையாலும் கரியடுப்பாலும் நடந்த வேலையைப் பார்த்து, உலர்த்தும் இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். ஊருக்குத் திரும்பி 1881இல் பெல்ஃபாஸ்ட்டில் சிரோக்கோ பட்டறையைத் திறந்தார். இங்கிலாந்தில் மார்ஷல் கம்பெனி வில்லியம் ஜாக்சன் வடிவமைத்த உருட்டு இயந்திரங்களைச் செய்து விற்றது. அசாமிலும் இலங்கையிலும் நீலகிரியிலும் தேயிலைத் தொழிற்சாலைக்குள் போய்வந்தவர்களுக்கு வார்ப்பிரும்பில் பொறித்த இந்தப் பெயர்கள் பழக்கமானவை.

இந்த இயந்திரங்களிடம் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. அவை பெரிய பெரிய போல்ட் நட்டுகளால் பூட்டப்பட்டவை. ஸ்பேனர் இருந்தால் யாரும் திறக்கலாம். ஒரு புஷ் தேய்ந்தால் தோட்டத்துப் பட்டறைக் கடைசலிலேயே புதிதாக ஒன்று கடைந்து போடலாம். வேகம் கூடுதலாக இருந்தால் புல்லியை மாற்றலாம். பக்கத்துத் தோட்டத்து ஃபிட்டர் வந்து பார்த்து, அதே மாற்றத்தைத் தன் தோட்டத்திலும் செய்துகொள்ளலாம். பெல்ஃபாஸ்ட்டுக்குக் கடிதம் எழுதி அனுமதி கேட்க வேண்டியதில்லை. தோட்டத்தில் எல்லாமே துரையின் அதிகாரம் என்று இருந்த காலத்தில்கூட, இயந்திரத்தின் உள்ளே ஃபிட்டர்தான் ராஜா.

கட்டற்ற மென்பொருள் இயக்கம் கேட்பது இவ்வளவுதான். மென்பொருளை எதற்கு வேண்டுமானாலும் ஓட்டலாம், திறந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து மாற்றலாம், பிரதி எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். இந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவிக்கும் முன், அவருக்கு வினையாக வந்தது அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் அச்சுப்பொறி. தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி பழைய அச்சுப்பொறியின் மென்பொருளை அவர் திருத்தி வைத்திருந்தார். புதிதாக வந்ததில் அதைச் செய்யலாம் என்றால் மூலநிரல் இல்லை. வைத்திருந்தவரோ, வெளியே கொடுப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். நம் தோட்டத்து ஃபிட்டரிடம் இயந்திரத்தைக் கொடுத்து, மூடியை மட்டும் பற்றவைத்து மூடிவிட்டால் அவருக்கு எப்படி இருக்குமோ, அப்படி இருந்திருக்கும் அவருக்கு.

ஏதோ அமெரிக்கக் கணினிக்காரர் கோபம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். இதே மலேசியாவில், நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன்.

2011இல் கல்வி அமைச்சு, 1பெஸ்தாரிநெட் என்ற திட்டத்தை ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு இணைய இணைப்பு, கூடவே ஃப்ராக் என்ற பிரிட்டிஷ் மெய்நிகர் கற்றல் தளம். முதல் கட்டத்துக்கு மட்டும் 66 கோடியே 30 லட்சம் வெள்ளி. தலைமைக் கணக்காய்வாளர் பார்த்தபோது, அந்தத் தளத்தை ஆசிரியர், மாணவர், பெற்றோர் பயன்படுத்திய அளவு 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்று தெரிந்தது. பணத்தைப் பற்றி நாடாளுமன்றத்திலும் நாளிதழ்களிலும் போதுமான அளவு பேசியாகிவிட்டது. நான் அதைப் பேச வரவில்லை. அந்த ஐந்துக்கும் குறைவான விழுக்காட்டில் இருந்த ஆசிரியர்களைப் பற்றித்தான் என் கவலை. மேலிடம் சொல்லிவிட்டதே என்று இரவு உட்கார்ந்து, பாடம் பாடமாகப் பக்கம் கட்டி, படம் சேர்த்து, வினா எழுதி வைத்தார்கள். 2019 ஜூன் மாதத்தோடு ஒப்பந்தம் முடிந்தது. பள்ளிகள் கூகுள் வகுப்பறைக்கு மாறின. ஃப்ராக்கில் கட்டிய பக்கத்தைத் தூக்கிக் கூகுளில் அப்படியே வைக்க முடியாது. அதன் வார்ப்பு வேறு, இதன் வார்ப்பு வேறு.

தோட்டத்து வீட்டில் இருந்தவர்களுக்கு இது புரியும். நாற்பது வருடம் இருந்து, வாசலில் துளசி வைத்து, பின்பக்கம் கோழிக்கூண்டு கட்டி, சாமி மாடம் எழுப்பிய வீடு. வேலை போனால், தோட்டம் கைமாறினால், வீடும் போயிற்று. வெள்ளையடித்ததெல்லாம் நாம்தான், பத்திரத்தில் பெயர் நம்முடையது அல்ல.

வேறு வழி இருந்ததா? இருந்தது, அதுவும் நம் பக்கத்துக் கண்டத்திலேயே. மார்ட்டின் டூகியாமாஸ் என்ற ஆஸ்திரேலியர், மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் வளர்ந்தவர். வானொலி வழியாகப் பாடம் கேட்டுப் படித்தவர். அவர் 2002இல் வெளியிட்டது மூடுல் என்ற கற்றல் தளம். மூலநிரலோடு கட்டற்ற உரிமத்தில் உலகத்துக்கே கொடுத்துவிட்டார். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும் அதைத்தான் தங்கள் பெயர் சூட்டி ஓட்டிக்கொண்டிருக்கின்றன. பராமரிக்கும் நிறுவனம் சரியில்லையா, அடுத்தவரிடம் கொடுக்கலாம். பாடம் இருந்த இடத்தில் இருக்கும். பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்தது அமைச்சுக்குத் தெரியாமல் போனதா? தெரியும். 2004லேயே அரசாங்கத் துறைகளுக்கெனத் திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்றை, அரசாங்க நிர்வாக நவீனமயப் பிரிவான மாம்பு வெளியிட்டது. திட்டம் போடுவதில் நாம் என்றும் முதல் வரிசை.

சரி, கேரளாவைப் பாருங்கள். அங்கே அரசுப் பள்ளிகளின் கணினிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற இயங்குதளமான க்னூ லினக்ஸில் ஓடுகின்றன. 2019இல் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்குப் புதிய பதிப்பைத் தாங்களே தயாரித்துக் கொடுத்தார்கள். எதற்காக இதை இந்த மலையில் சொல்கிறேன் என்றால், அந்தக் கேரளாவில்தான் மூணாறு இருக்கிறது. தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்கள் நம்மைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து கொழுந்து பறிக்கப் போனவர்களின் பிள்ளைகள். மலை வேறு, குளிர் ஒன்று. அங்கே அரசுப் பள்ளிக் கணினியில் மாணவி ஒருத்தி கற்பது, அவள் வீட்டுக்குப் பிரதி எடுத்துப் போகக்கூடிய மென்பொருள். இங்கே கற்பது, கடவுச்சொல் இருக்கும்வரை நுழையக்கூடிய வாசல்.

இனி ஒரு சிக்கலான விஷயம். தமிழ்.

இங்கே ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நினைத்துப் பாருங்கள். 1990களில் ஒருவர் தமிழில் கடிதம் தட்டி அனுப்பினால், நம் கணினியில் அது கோழி கிளறிய குப்பை மாதிரி திறக்கும். காரணம், ஒவ்வொரு எழுத்துரு செய்தவரும் 'அ'வுக்கு ஓர் எண், 'ஆ'வுக்கு ஓர் எண் என்று தன் இஷ்டத்துக்குப் போட்டு வைத்திருந்தார். எழுத்துரு இருந்தால்தான் கடிதம்; அதை விற்றவர் கடையை மூடினால் கடிதமும் போச்சு. இதற்கு முடிவு கட்ட முனைந்ததில் சிங்கப்பூர் மலேசியத் தமிழர்களின் பங்கு பெரிது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1997இல் முதல் தமிழ் இணைய மாநாட்டுக்கு வழி வகுத்தார். 1999இல் சென்னை மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகை முடிவானது. 2001இல் மாநாடு கோலாலம்பூருக்கே வந்தது. அதற்கெல்லாம் முன்பே, 1985இல், முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்கியிருந்தார். பிற்பாடு கைப்பேசியில் தமிழ் அனுப்பச் செல்லினம். ஆப்பிள் கணினிகளில் இருக்கும் இணைமதி எழுத்துருவும் அவர் வரைந்ததுதான். அவர் பெயரைச் சொல்லாமல் மலேசியாவில் தமிழ்க் கணினி பற்றிப் பேசுபவர், நன்றி கெட்டவர்.

ஆனாலும் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். முரசு அஞ்சல் கட்டற்ற மென்பொருள் அல்ல. அதை வளர்க்கும் பொறுப்பு முழுக்க ஒரு தோளில் இருக்கிறது. நல்ல தோள் வாய்த்தது நம் அதிர்ஷ்டம். ஒரு மொழி அதிர்ஷ்டத்தை நம்பி இருக்கலாமா? இன்னொரு பக்கம், முகுந்தராஜ் தொடங்கிய 'தமிழா' குழுவின் இ-கலப்பை இருக்கிறது. மூலநிரல் வெளியே கிடக்கிறது. எழுதியவர் களைத்துவிட்டாலும் வேறொருவர் எடுத்துக்கொண்டு ஓடலாம். அழகில், சொகுசில் முரசு அஞ்சல்தான் முந்தும். அதை மறுக்க மாட்டேன். நான் சொகுசைவிட நீடிப்பைத் தேர்ந்தெடுப்பவன், அவ்வளவுதான்.

கடைசியில் நம்மைக் காப்பாற்றியது யூனிகோடு. அதில் தமிழுக்குக் கொடுத்த இடம், இந்திய அரசின் பழைய இஸ்கி அடுக்கை வைத்துப் போட்டது. தமிழின் தேவை தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று குறைப்பட்டவர்கள் உண்டு. குறையில் நியாயமும் உண்டு. ஆனால் அது யாருடைய சொந்தச் சரக்கும் அல்ல. போ தோட்டத்துப் பாட்டி பேத்திக்கு அனுப்பும் புலனச் (வாட்ஸ்அப்) செய்தி, டொராண்டோவில் அப்படியே திறக்கிறது. இதற்கு யாருக்கும் ராயல்டி கட்டவில்லை.

பாட்டு, சினிமாவுக்கு வருவோம். பின்வரிசை இப்போது நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது.

தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் போட்ட காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ரீல் அறுந்தால் படம் ஓட்டுபவர் அங்கேயே ஒட்டினார். இப்போது திரையரங்குக்குப் படம் வன்தட்டில் பூட்டி வருகிறது. எந்தத் தியேட்டர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று குறித்த மின்சாவி தனியாக வரும். சாவிக் காலம் முடிந்தால் வன்தட்டு வெறும் இரும்பு. திருட்டைத் தடுக்க என்கிறார்கள். திருட்டு நின்றதா என்பதை இங்கிருக்கும் தம்பிமார்களே சொல்லட்டும், நான் கேட்கவில்லை.

2016இல் 'கபாலி' வந்தது. தோட்டத்துப் பிள்ளை ஒருவன் கோட்டு சூட்டுப் போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்காருவதைக் காண நாம் எல்லாரும் போனோம். ஆனால் தமிழ்நாட்டுக்காரர் பார்த்த முடிவு வேறு, நாம் பார்த்த முடிவு வேறு. அங்கே துப்பாக்கிச் சத்தத்தோடு கேள்வியாக நின்ற படத்துக்கு, இங்கே கபாலி போலீசில் சரணடைந்தார் என்று ஒரு வரி சேர்த்து முடித்தார்கள். நம்மைப் பற்றிய படத்தின் முடிவை நமக்கு மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். தணிக்கை புதிதல்ல. ஆனால் இன்று இணையத் தளத்தில் ஓடும் படத்தின் பிரதி நம்மிடம் இல்லை. நேற்றிருந்த காட்சி இன்று இல்லையென்றால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் கையில் இருக்காது. 2016இல் நம் நாட்டில் தொடங்கிய டிம்சம் என்ற ஒளிபரப்புச் சேவை 2021இல் கடையைக் கட்டியது. சந்தா கட்டியவர்களுக்கு மிஞ்சியது ரசீது.

நம் படங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை' 2005இல் வந்தது. தோட்ட வாழ்க்கையை நம்மவரே எடுத்த படம். சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவனின் கதை. மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதைப் பெற்றது. இந்தப் படங்களின் நல்ல பிரதி நம் பள்ளி நூலகங்களில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. எந்தத் தளத்தில் வருகிறது என்று தேடிக்கொண்டிருக்கும் நிலை நமக்கு வேண்டாம்.

இங்கே நான் முழுக்க ஒரு பக்கம் சாய மாட்டேன். யோகி பி அண்ட் நட்சத்திரா 2006இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் வந்த 'மடை திறந்து', 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா 1980இல் போட்ட பாட்டை எடுத்து, கோலாலம்பூர்த் தெருவின் தாளத்தைச் சேர்த்துச் செய்தது. அடுத்த ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரலைத் தமிழ்நாடு கேட்டது. காலங்காலமாகச் சரக்கு அங்கிருந்து இங்கே வந்துகொண்டிருந்தது. அந்த ஒரு முறை இங்கிருந்து அங்கே போனது. பழைய பாட்டைத் திறந்து மாற்ற ஒருவருக்கு வழி கிடைத்ததால் நடந்தது இது. அதே இளையராஜா 2017இல் எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கு, தன் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக் கூடாது என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். 2024இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்துக்கு, 'குணா' பாட்டுக்காக. என் நண்பர்கள் பலர் அவர்மேல் கோபப்பட்டார்கள். நான் படவில்லை. எத்தனையோ ஆண்டு மற்றவர்கள் அவர் பாட்டில் காசு பார்த்தார்கள். உழைத்தவர் கூலி கேட்டால் தோட்டத்துப் பிள்ளை எப்படிக் கோபப்படுவது? ஆனால் கூலி கேட்பது வேறு, தொடாதே என்பது வேறு. க்னூ உரிமம் இந்த வேறுபாட்டைச் சரியாகப் பிடித்தது: விற்கலாம், காசு வாங்கலாம், வாங்கியவர் கையைக் கட்டக் கூடாது. பாட்டுக்கும் இப்படி ஒன்று வந்தால் ராஜாவும் பிழைப்பார், யோகி பியும் பிழைப்பார்.

அதற்காக நாளைக் காலையே புலனத்தை அழித்துவிடுங்கள் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. அப்படிச் சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். கத்தரி பிடித்து இந்தச் சரிவில் நிற்கும் வங்காளதேசத்துத் தம்பிக்கு, ராத்திரி அம்மா முகத்தைக் காட்டும் செயலி எந்த உரிமத்தில் இருக்கிறது என்று நான் போய்க் கேட்க மாட்டேன். அவனவன் தேவை அவனவனுக்கு. ஆனால் பொதுப்பணத்தில் வாங்குகிற இடத்தில், பள்ளியில், நூலகத்தில், சங்கத்தில், கேட்டே தீர வேண்டும்.

கேட்க இப்போது நல்ல சந்தர்ப்பம். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 சிப் வேண்டும், ஓரளவு புதிய பிராசசர் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைக் கிழடு என்று ஒதுக்குகிறார்கள். இது தேய்ந்த புஷ் அல்ல. இயந்திரம் நலமாக இருக்கிறது; மூடியைத்தான் பற்றவைத்துவிட்டார்கள். அதில் லினக்ஸ் போட்டால் இன்னும் பல வருடம் ஓடும். தமிழ்99 விசைப்பலகை அதில் உண்டு. எழுத்து வேலைக்கு லிப்ரெஆபிஸ் உண்டு. செலவு, ஒரு பென்டிரைவும் ஒரு சனிக்கிழமையும்.

இணையம் இல்லையே என்பீர்கள். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, லைன் கிடைக்காமல் மேட்டுக்கு ஏறிய பிள்ளைகள் யார் யார் என்று உங்களுக்கே தெரியும். சபாவில் ஒரு மாணவி தேர்வெழுத மரத்தில் ஏறி உட்கார்ந்த செய்தி உலகம் சுற்றியது. அதைக் கேட்டு எல்லாரும் அவள் உறுதியைப் பாராட்டினார்கள். எனக்குப் பாராட்டத் தோன்றவில்லை, வெட்கமாக இருந்தது. கிவிக்ஸ் என்று ஒரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. 2003இல் தொடங்கி இன்று ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்ட தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கி, பென்டிரைவில் போட்டு, இணையமே இல்லாத கணினியில் படிக்கலாம். கொலிப்ரி என்று இன்னொன்று. ஒரு சின்னக் கணினியில் பாடங்களை நிரப்பி, வகுப்புக்குள் மட்டும் வைஃபை ஓடவிட்டால் போதும். லைன் வந்தால் என்ன, மண்சரிவில் போனால் என்ன. மதுரைத் திட்டம் 1998இலிருந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து சேர்த்து வைத்திருக்கிறது. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் உட்கார்ந்து தொடங்கிய வேலை. அதையும் அதே பென்டிரைவில் போடலாம், இடம் மிஞ்சும்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் யாராவது எழுந்து, பழைய கணினிகளை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள். நாளை இந்தத் தளம் நின்றால் ஆசிரியர்களின் பாடங்களை எந்த வடிவில் எடுத்துக்கொள்ளலாம் என்றும் கேளுங்கள். பதில் தெரியாமல் விழித்தால் கோபப்பட வேண்டாம். அடுத்த கூட்டத்திலும் கேளுங்கள்.

முன்பே ஒரு தம்பி என்னிடம் வந்து, "ஐயா, லினக்ஸில் கேம் ஓடாதே" என்றான். தம்பி, உன் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியில் இருப்பதே லினக்ஸ் கருவகம்தான். 2022இல் வால்வ் நிறுவனம் ஸ்டீம் டெக் என்ற விளையாட்டுக் கருவியை விற்கத் தொடங்கியதும் லினக்ஸை வைத்துத்தான். விண்டோஸுக்கு எழுதிய ஆட்டங்கள் ஆயிரக்கணக்கில் அதில் ஓடுகின்றன. நீ விளையாடும் வேலரண்ட் ஓடாது, உண்மை. ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கிறேன் என்று அது உன் கணினியின் அடிமட்டம்வரை இறங்கிக் காவல் உட்காருகிறது. உன் வீட்டு அடுப்படியில் அந்நியன் ஒருவன் வந்து உட்கார்ந்தால் அப்பா விடுவாரா என்று அவரிடமே கேட்டுப் பார். அவர் விட்டால், விளையாடு.